பெரியவனும் சின்னவனும்

டிரைவரக்காவின் காரில் ஏற வருகிறவர்கள் முதலில் கேட்பது, பெட்டியை எங்கே வைப்பது என்றுதான். டிக்கியைத் திறந்தால் அங்கே ஏற்கெனவே ஒருவன் கையைக் காலை நீட்டிப் படுத்திருப்பான். அவன்தான் கேஸ் சிலிண்டர். அவன் எடுத்துக்கொண்டது போக மிச்சம் இருக்கும் இடத்தில் ஒரு கைப்பையும் ஒரு ஜோடிச் செருப்பும் வைக்கலாம், அதுவும் செருப்பு சின்னதாக இருந்தால். "அவன் எங்க வீட்டுப் பெரியவன், எழுப்பினா கோவிச்சுக்குவான், பெட்டிய மடியில வச்சுக்குங்க" என்பாள் அக்கா. சிலர் சிரித்துக்கொண்டே ஏறுவார்கள். சிலர் வேறு காரைப் பார்த்துப் போவார்கள்.

பெரியவன் என்று பெயர் வைத்தது அவள் வீட்டுக்காரர். கார்களுக்கு ஸ்ப்ரே அடிக்கும் பெயிண்டர் அவர். ஊரில் உள்ள கார்களையெல்லாம் முகம் பார்த்துத் தலை சீவுகிற அளவுக்கு மினுக்கிக் கொடுத்தவர், சொந்தக் காருக்கு ஒரு கை பெயிண்ட் அடிக்க மட்டும் கடைசிவரை நேரம் கண்டுபிடிக்கவில்லை. பழைய காராக வாங்கி, பெட்ரோல் கட்டுப்படியாகாது என்று கேஸ் கிட் மாட்டினார். வாங்கினபோது இருந்த வெயில் தின்ற நீலம்தான் இன்றைக்கும் இருக்கிறது. சிலிண்டரைப் பொருத்தி முடித்த அன்று டிக்கியைச் செல்லமாகத் தட்டி, "நமக்கும் ஒரு மூத்த பிள்ளை வந்துட்டான், இனிமே இவன் சம்பாதிச்சுப் போடுவான்" என்றார். பிள்ளை இல்லாத வீட்டில் அந்தப் பேச்சுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல், அடுப்பில் வேலை இருப்பதுபோல் அக்கா உள்ளே போய்விட்டாள்.

ஸ்ப்ரே அடிக்கும்போது முகமூடி போடுங்கள் என்று அவள் சொல்லாத நாள் இல்லை. போட்டால் மூச்சு முட்டுகிறது என்பார் அவர். போடாமல் விட்ட புண்ணியத்தில் மூச்சு ஒரேயடியாக முட்டிவிட்டது. நெஞ்சுக்குள் எத்தனை கார்களின் நிறம் படிந்திருக்கிறதோ, டாக்டர் படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். அதற்குப் பிறகு கட்டிலுக்குப் பக்கத்தில் ஆள் உயரத்துக்கு ஓர் ஆக்சிஜன் சிலிண்டர் வந்து நின்றது. பெயிண்டர் அதற்குப் பெரியப்பா என்று பெயர் வைத்தார். வெளியே போகும்போது எடுத்துப்போக முழங்கை நீளத்தில் இன்னொன்று வந்தது. அது சின்னவன். காரின் பின்சீட்டில் சின்னவனை உட்கார வைத்துப் பெல்ட் போட்டுவிட்டு, குழாயை மூக்கில் மாட்டிக்கொண்டு பக்கத்தில் அவர் உட்காருவார். "குடும்பமா கெளம்பிட்டோம்" என்பார்.

கார் ஓட்டக் கற்றுக்கொடுத்ததும் அவர்தான். நோய் முற்றி அவர் கையிலிருந்து வேலை போனபோது, அக்கா ஸ்டியரிங்கைப் பிடித்தாள். பிடித்த நாளிலிருந்து அவருக்கு ஒரே பாட்டுத்தான்: வேகமா ஓட்டினா கேஸ் குடிக்கும். பேச மூச்சு இல்லாதபோது கையை விரித்துக் கீழே அமுக்கிக் காட்டுவார், கண்ணாடியில் அவளுக்குத் தெரியும். ஏசி போட்டால் கேஸ் குடிக்கும். பிரேக்கை அழுத்தி அழுத்தி ஓட்டினால் கேஸ் குடிக்கும். ஒரு நாள் கோபத்தில் அவள், நான் மூச்சு விட்டாலும் கேஸ் குடிக்குமா என்று கேட்டுவிட்டு, கேட்டபிறகு நாக்கைக் கடித்துக்கொண்டாள். அவர் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. "அது என் டிபார்ட்மெண்ட்" என்றார்.

சிக்கனத்தில் ஒன்றுக்கு மட்டும் அவர் விதிவிலக்கு வைத்திருந்தார். கேஸ் வண்டிதான் என்றாலும் பெட்ரோல் டாங்க் காயக் கூடாது. காலையில் பெட்ரோலில் ஸ்டார்ட் பண்ணி, கொஞ்ச தூரம் ஓடவிட்டுத்தான் கேஸுக்கு மாற்ற வேண்டும். டாங்க்குக்குள் கிடக்கிற மோட்டார் பெட்ரோலில் நனைந்தே இருக்க வேண்டும், இல்லையென்றால் கருகிவிடும். இதைப் பத்துத் தரம் சொல்லியிருப்பார். ஆனால் அக்கா குருவை மிஞ்சிய சிஷ்யை. ஸ்டாண்டில் ஒரு டாக்சிக்காரர் அவளுக்கு ஒரு வழி காட்டினார்: கேஸ் பட்டனை அமுக்கிப் பிடித்துக்கொண்டே சாவியைத் திருப்பினால் நேராகக் கேஸிலேயே வண்டி கிளம்பும். அன்றோடு பெட்ரோல் பக்கம் அவள் தலைவைத்துப் படுக்கவில்லை. மிச்சம் பிடித்ததை வைத்து அவருடைய மாத்திரை ஓடியது. அதனால் அவளுக்கு அது தப்பாகவே தோன்றவில்லை. அவரிடம் சொல்லவும் இல்லை.

மாதம் ஒரு தரம் அவரை நெஞ்சு டாக்டரிடம் காட்ட வேண்டும். பெரிய ஆஸ்பத்திரி ஊருக்கு அந்தப் பக்கம், பாலத்தைத் தாண்டி, பைபாஸையும் தாண்டி. அன்றைக்குக் காலையில் வீட்டுக்குப் பக்கத்துக் கேஸ் பங்க்கில் வாசலுக்குக் குறுக்கே கயிறு கட்டியிருந்தது. குழாயில் அழுத்தம் இல்லையாம். காரில் கேஸ் அளவு காட்டும் நாலு பச்சை விளக்கில் இரண்டு எரிந்துகொண்டிருந்தன. போய்ச் சேர அது போதும், திரும்பும்போது பைபாஸ் பங்க்கில் போட்டுக்கொள்ளலாம் என்று கணக்குப் போட்டாள். சின்னவன் வயிறு முட்ட நிறைந்திருந்தான். போய் வரத் தாங்குவான், தாங்கிக்கொண்டும்தான் இருந்தான் இத்தனை மாதமும்.

அன்று பார்த்து டாக்டரை ஆபரேஷன் தியேட்டருக்குக் கூப்பிட்டுவிட்டார்கள். பெஞ்சில் உட்கார்ந்து உட்கார்ந்து மத்தியானச் சாப்பாட்டு நேரமும் போனது. பார்த்து முடித்து வெளியே வரும்போது சின்னவனின் முள் பாதிக்குக் கீழே வந்திருந்தது. நிரப்பித் தருவீர்களா என்று நர்ஸிடம் கேட்டாள். வெளியிலிருந்து கொண்டுவரும் சிலிண்டருக்கு நிரப்புவதில்லை, அட்மிட் ஆனால் கட்டிலில் கொடுப்போம் என்றார் நர்ஸ். நேரே வீட்டுக்குப் போனால் போதும், பெரியப்பா இருக்கிறார் என்று பெயிண்டர் அவளை இழுத்துக்கொண்டு வந்துவிட்டார்.

பைபாஸ் பங்க்கின் வரிசை டயர் கடை வரைக்கும் நீண்டிருந்தது. ஊரில் இருக்கிற மற்றப் பங்க்குகள் எல்லாம் காலி, இங்கே மட்டும்தான் கேஸ், அதுவும் லாரியில் வந்த மிச்சம் என்றார்கள். வரிசையில் சேரும்போதே கடைசி விளக்கு சிவப்பாகி மினுக்கியது. பிறகு கீக் என்று ஒரு சத்தம். கேஸ் தீர்ந்தால் வண்டி தானாகப் பெட்ரோலுக்கு மாறும்போது வரும் சத்தம் அது. வண்டி இரண்டு தரம் இருமியது, நின்றுவிட்டது.

அக்கா சாவியைத் திருப்பி அணைத்தாள். கண்ணாடியில் பார்த்தாள். பெயிண்டர் கண்ணை மூடிச் சாய்ந்திருந்தார். ஒரு கை சின்னவனின் தோளில் இருந்தது.

பின்னால் தண்ணீர்க் கேன் ஏற்றும் ஆட்டோக்காரர் இறங்கி வந்தார். விஷயத்தைக் கேட்டதும், "என் வண்டியும் காலிதான்கா, இல்லன்னா நானே கொண்டுபோய் விட்டுருவேன்" என்று சொல்லிவிட்டு, சும்மா இருக்க மனமில்லாமல் ஓடிப்போய் பைக்கில் வந்த யாரிடமோ ஒரு பாட்டில் பெட்ரோல் வாங்கி வந்தார். ஊற்றினார்கள். அக்கா சாமியை நினைத்துக்கொண்டு சாவியைத் திருப்பினாள். ஒன்றும் இல்லை. மறுபடியும் திருப்பினாள். ஆட்டோக்காரர் பின்சீட்டுப் பக்கம் காதை வைத்துக் கேட்டார். சாவி போட்டதும் டாங்க்குக்குள்ளிருந்து ஒரு ரீங்காரம் வர வேண்டும், வரவில்லை.

"மோட்டார் கருகிப்போச்சுக்கா. ரொம்ப நாளா டாங்க்க காய விட்டிருக்கீங்க."

அவர் குறை சொல்லும் தொனியில் சொல்லவில்லை. ஆனாலும் அக்காவுக்கு நடுரோட்டில் யாரோ கன்னத்தில் அறைந்த மாதிரி இருந்தது. மிச்சம் பிடித்தேன், மிச்சம் பிடித்தேன் என்று பூரித்துக்கொண்டிருந்ததெல்லாம் இந்த ஒரு நிமிஷத்துக்காகத்தானா? தன் கையால் தானே குழி பறித்து, அதில் அவரை உட்கார வைத்திருக்கிறாள். திரும்பி அவரைப் பார்க்கத் தைரியம் வரவில்லை.

ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டாள். வண்டிகள் எல்லாம் வெளியே போயிருக்கின்றன, ஒன்று திரும்பியதும் அனுப்புகிறோம் என்றது குரல். எப்போது திரும்பும் என்று கேட்டால், பார்க்கிறோம் என்றது. இப்போது சின்னவனின் முள் சிவப்புக் கோட்டைத் தொட்டுக்கொண்டு நின்றது. அவள் காரை விட்டு இறங்கி வரிசையின் முன்பக்கம் நடந்தாள்.

கேஸ் வரிசை என்பது சாதாரணப்பட்டது இல்லை. அங்கே எஞ்சினை ஓடவிட்டு யாரும் நகர மாட்டார்கள், இருக்கிற கேஸும் போய்விடும். இறங்கித் தள்ளித் தள்ளித்தான் நகர்த்துவார்கள். காலையிலிருந்து சோறு தண்ணி இல்லாமல் தள்ளிக்கொண்டு வந்தவனிடம் போய் இடம் கேட்பது அவன் தட்டில் கைவைக்கிற மாதிரி. அக்காவே எத்தனையோ பேருக்கு விட்டுக்கொடுக்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டிருக்கிறாள். முதலில் நின்றது பள்ளிக்கூட வேன். வேன்காரர் மீசையும் நரையுமாக, காக்கிச் சட்டையில் இருந்தார். அவள் சொன்னதைக் கேட்டுக்கொண்டார்.

"எல்லாருக்கும் அவசரம்தாம்மா. பள்ளிக்கூடம் விடுற நேரம். பிள்ளைங்க ரோட்டுல நிக்கும்."

அதில் பொய் இல்லை. அக்கா அங்கேயே நின்றாள். கண்ணில் தண்ணீர் வந்தது, துடைக்கவும் இல்லை. வேன்காரர் அவளைப் பார்த்தார், பிறகு என்ன நினைத்தாரோ, அவளுடைய கார் வரைக்கும் நடந்து வந்தார். பின் கண்ணாடி வழியாகக் குனிந்து உள்ளே பார்த்தார். பெல்ட் போட்டுச் சின்னவன். அவன் பக்கத்தில் உதடு வெளுத்து ஒரு மனுஷன்.

"இது எவ்வளவு நேரம் வரும்?" என்று கேட்டார்.

பெயிண்டர் சிரிக்கப் பார்த்தார். "வரும் வரும். நீங்க… பிள்ளைங்கள… பாருங்க."

வேன்காரர் நிமிர்ந்தார். திரும்பிப் போய், வேனை நியூட்ரலில் போட்டு, தோளைக் கொடுத்து ஓரமாகத் தள்ளினார். அதைப் பார்த்து அடுத்த கார்க்காரர் இறங்கினார். அவரைப் பார்த்து அதற்கு அடுத்தவர். டயர் கடையிலிருந்து பங்க் வாசல் வரைக்கும் வண்டிகள் ஒவ்வொன்றாக ஒதுங்கி நடுவில் வழி திறந்தது. ஆட்டோக்காரரும் இன்னும் நாலு பேரும் பின்னாலிருந்து தள்ள, அக்கா ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு அழுதபடியே வந்தாள்.

வாசலில் பங்க்காரர் கையை நீட்டித் தடுத்தார். கேஸ் போடும்போது காருக்குள் ஆள் இருக்கக் கூடாது என்பது எல்லாருக்கும் தெரிந்த சட்டம். ஆக்சிஜன் சிலிண்டர் வாசலுக்குள்ளேயே வரக் கூடாது என்பது அதைவிடப் பெரிய சட்டம். "எனக்கு வேலை போனாலும் பரவால்லக்கா, ஏதாவது ஆச்சுன்னா இங்க ஒருத்தரும் மிஞ்ச மாட்டாங்க" என்றார். அவர்மேல் கோபப்படக்கூட அவளால் முடியவில்லை. வேன்காரர் தன் வேனிலிருந்து ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைக் கொண்டுவந்து வாசலுக்கு வெளியே, சுவரோரம் தள்ளிப் போட்டார். இரண்டு பேராகப் பெயிண்டரைத் தூக்கி உட்கார வைத்தார்கள். சின்னவனை அவர் மடியில் வைத்தார்கள்.

வெயில் நேராக அடித்தது. பெயிண்டர் தோளில் கிடந்த துண்டை எடுத்துச் சின்னவனின் முள் இருக்கும் கண்ணாடிமேல் போட்டார். கண் கூசுகிறது என்று சைகை காட்டினார். போ, போய் வேலையைப் பார் என்று இன்னொரு சைகை.

உள்ளே மெஷின் உஸ்ஸென்று ஆரம்பித்தது. மஞ்சள் கோட்டுக்குப் பின்னால் நின்றுகொண்டு அக்கா ஒரு கண்ணை மீட்டர்மேலும் ஒரு கண்ணைச் சுவரோரத்து நாற்காலிமேலும் வைத்திருந்தாள். எண்கள் நகர்ந்தன, தயங்கின, நகர்ந்தன. பெயிண்டர் குனிந்த தலை நிமிராமல் மடியிலிருந்ததைக் கட்டிப்பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இப்படி ஓர் இருபதடி தூரம் தன் வாழ்நாளில் அவளுக்கு இருந்ததில்லை. ஓடிப்போய்ப் பக்கத்தில் நின்றால் காரை எடுக்க ஆள் இல்லை, இங்கே நின்றால் அவருக்கு ஆள் இல்லை. மெஷின் சத்தம் இறங்கி, நின்றது.

"அவ்வளவுதாங்க. அழுத்தம் போச்சு. இனி லாரி வந்தாத்தான்."

"இன்னும் கொஞ்சம் பாருங்க, தம்பி."

"இருந்தா தர மாட்டேனாக்கா?"

ஒரே ஒரு பச்சை விளக்கு எரிந்தது. வீடு வரைக்கும் அது வரும், வராமலும் போகும். ஆஸ்பத்திரிக்குத் திரும்புவதென்றால் அதைவிடத் தூரம். வெளியே வரும்போது வேன்காரர் ஓரமாக நின்று பள்ளிக்கூடத்துக்குப் போன் பேசிக்கொண்டிருந்தார். அவருக்குக் கிடைக்க வேண்டியதுதான் இப்போது இவள் டிக்கியில் இருக்கிறது. அவரை ஏறெடுத்துப் பார்க்க அவளால் முடியவில்லை. அவரோ போனைக் காதில் வைத்தபடியே வந்து பெயிண்டரைப் பின்சீட்டில் ஏற்றி, சின்னவனுக்கும் பெல்ட் போட்டுவிட்டு, கதவைப் பார்த்துச் சாத்தினார்.

பட்டனை அமுக்கிப் பிடித்துச் சாவியைத் திருப்பினாள். வண்டி கிளம்பியது. பெயிண்டர் ஜன்னல் கண்ணாடிகளைத் திறந்துவிடச் சொன்னார், காற்று வரட்டுமாம். ரோட்டுச் சத்தம் உள்ளே வந்து நிறைந்தது. அக்காவுக்கு ஆக்சிலேட்டரை ஒரே மிதி மிதித்துப் பறந்துவிட வேண்டும் போலிருந்தது. மிதித்தும்விட்டாள். கண்ணாடியில் அந்தக் கை தெரிந்தது: விரித்து, மெல்லக் கீழே அமுக்கியது. பல்லைக் கடித்துக்கொண்டு காலை எடுத்தாள். பாலத்தின் ஏற்றத்தில் ஒரு தரம், இறக்கத்துக்குப் பிறகு ஒரு தரம், கடைத்தெருவில் ஒரு தரம், எங்கெல்லாம் அவள் கால் துடித்ததோ அங்கெல்லாம் அந்தக் கை தாழ்ந்தது. இந்த மனுஷனுக்கு இந்த நேரத்திலும் சிக்கனமா என்று மனசுக்குள் அவரைத் திட்டிக்கொண்டே ஓட்டினாள். துண்டு சின்னவன்மேலேயே கிடந்தது. பாலத்தின் இறக்கத்திலேயே விளக்கு சிவப்பாகிவிட்டது. தெருமுனையில் மினுக்க ஆரம்பித்தது. வீட்டு வாசலில் கீக் என்றது.

பக்கத்து வீட்டுத் தையல்காரர் மெஷினை அப்படியே போட்டுவிட்டு ஓடிவந்தார். இரண்டு பேருமாகத் தூக்கிக்கொண்டுபோய்க் கட்டிலில் போட்டார்கள். அவர் நகமெல்லாம் நீலம் பாய்ந்திருந்தது. பெரியப்பாவின் குமிழைத் திருகிக் குழாயை மூக்கில் மாட்டினாள். அவர் நெஞ்சு தூக்கித் தூக்கிப் போட்டது. அவள் கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, போயிடாதீங்க, போயிடாதீங்க என்பதைத் தவிர வேறு ஒன்றும் சொல்லவில்லை. எவ்வளவோ நேரத்துக்குப் பிறகு நெஞ்சு கொஞ்சம் அடங்கியது. உதட்டில் உயிர் வந்தது.

தையல்காரர் தண்ணீர் கொடுத்துவிட்டுப் போனார். அக்கா காரைப் பூட்டப் போனாள். சின்னவன் பின்சீட்டில் அப்படியே கிடந்தான். பெல்ட்டை அவிழ்த்துத் தூக்கியபோது துண்டு நழுவி விழுந்தது. முள் அடியில் படுத்திருந்தது. குமிழ் முழுக்கத் திறந்தே இருந்தது. குழாயின் நுனியைக் கன்னத்தில் வைத்துப் பார்த்தாள். ஒன்றும் வரவில்லை.

சிலிண்டரை இடுப்பில் தூக்கிக்கொண்டு உள்ளே வந்து கட்டிலருகே நின்றாள்.

"இது எப்பங்க தீந்துச்சு?"

அவர் கண்ணைத் திறக்காமலே சொன்னார். "நீ கேஸ் போட்டுட்டு… இருக்கும்போதே."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

அவர் பெரியப்பாவிடமிருந்து ஒரு மூச்சு இழுத்துக்கொண்டார்.

"சொல்லியிருந்தா வேகமா ஓட்டியிருப்ப. ஒரு விளக்குதானே இருந்துச்சு. பாலத்திலேயே தீந்திருக்கும்."

அக்கா சின்னவனை மெல்லத் தரையில் வைத்தாள். பிறகு அவர் பக்கத்தில் உட்கார்ந்து, கீழே அமுக்கிக் காட்டிக்கொண்டே வந்த அந்தக் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். பெட்ரோலே போடாமல் ஓட்டிவந்த விஷயத்தை இப்போதாவது சொல்லிவிட வேண்டும் என்று வாயைத் திறந்தாள்.

"தெரியும்மா" என்றார் அவர். "சாவி போடும்போது டாங்க்ல சத்தம் வராம ரொம்ப நாளாச்சு. நீ மிச்சம் பிடிக்கிறதுல சந்தோஷமா இருந்த. அதான் கேக்கல."